பம்பு நின்ற ஒரு மணி நேரம்

பிப்ரவரி 9, திங்கள்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. நீர்நாய்க் குட்டிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று எழுதிவிட்டேன். இன்று காலை கவனித்ததில் அப்படித் தெரியவில்லை. தண்ணீரில் விட்டபோது அது கத்தவில்லை. பம்பு அறைக் கதவைச் சாத்தியபோதுதான் கத்தியது. நேற்றைய வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

இந்தக் குறிப்பை எழுதிய பம்புக்காரரின் மகள் எதையும் பென்சிலில்தான் எழுதுவாள். பேனாவில் எழுத அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை. மாலை வகுப்பில் மின்பணி படிக்கிறாள். சேர்ந்த முதல் நாளே வாத்தியார் எல்லோரிடமும் சொன்னார்: "மோட்டாரைப் பத்தி தினமும் நாலு வரி எழுதுங்க. பாத்ததை எழுதுங்க, நெனச்சதை எழுதாதீங்க." மற்றவர்கள் ஒரு வாரம் எழுதிவிட்டுக் கைகழுவினார்கள். இவள் விடவில்லை. பார்த்தது எது, நினைத்தது எது என்று பிரிப்பதற்குள்ளேயே தலை கிறுகிறுத்துப் போகும். மோட்டாரில் தொடங்கிய குறிப்புகள், நீர்நாய்க் குட்டி வந்த பிறகு முழுக்க முழுக்கக் குட்டியின் கதையாகிவிட்டன.

அவர்கள் வீடு ஆற்றங்கரையில், பம்பு அறையை ஒட்டினாற்போல இருந்தது. நடுவில் ஒற்றைச் சுவர்தான். ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகள் இரண்டு. பழையது ஒன்று, புதியது ஒன்று. புதியது வந்த பிறகும் அப்பா பழையதைத்தான் ஓட்டுவார். ஆற்றுநீர் ஒரு கம்பிக் கிராதியைத் தாண்டி உள்ளே இருக்கும் கிணற்றில் விழ, அங்கிருந்து பம்பு அதை உறிஞ்சி மேலே அனுப்பும். இரவும் பகலும் அந்த ரீங்காரம் சுவர் வழியாகக் கட்டில் கால்களில் இறங்கித் தலையணை வரை வரும். அந்த வீட்டில் பிறந்தவளுக்கு அது ஒரு சத்தமாகவே தெரிந்ததில்லை, அம்மா இறக்கும்வரை.

போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். பம்பு அறையின் சூட்டில் ஈரத்துணி சீக்கிரம் உலரும் என்று அங்கேதான் கொடி கட்டியிருந்தாள். துணி போட்டுக்கொண்டே வாயை மூடியபடி ஏதோ ஒரு ராகத்தை முனகுவாள். வார்த்தை இருக்காது. பம்பின் சுருதியில் தொடங்கி, கொஞ்சம் மேலே போய், மறுபடி பம்பிலேயே வந்து விழும். அவள் போன பிறகு கொடி அப்படியே இருந்தது. யாரும் அதில் துணி போடவில்லை. யாரும் அதை அவிழ்க்கவும் இல்லை.

குட்டியைக் கொண்டுவந்தவள் மீன்காரக்கா. படகில் போய் வலை போட்டு, பிடித்ததைத் தெருத்தெருவாக விற்பவள். ஒரு விடியலில் அவளுடைய வலையில் ஒரு பெரிய நீர்நாய் சிக்கிச் செத்துக் கிடந்தது. கரைப் பொந்தில் கண் திறந்தும் திறக்காமலும் இது ஒன்று மட்டும் கத்திக்கொண்டிருந்ததாம். ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, "எடுத்துக்கோ படிப்பாளி, இது உனக்கு வந்த தபால்" என்று மடியில் போட்டுவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் மீன் விற்கப் போகவில்லை.

மாட்டு டாக்டரைக் கேட்டார்கள். கதகதப்பாக வையுங்கள், சொட்டுச் சொட்டாகப் பால் கொடுங்கள், பல் முளைத்ததும் தண்ணீரில் பழக்குங்கள், மனிதரோடு ரொம்ப ஒட்டவிடாதீர்கள் என்றார். கதகதப்பான இடம் என்றால் அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. பழைய பம்பின் அடிமேடையில், மோட்டாருக்குப் பக்கத்தில், சாக்கை நாலாக மடித்து அப்பாவே இடம் செய்துகொடுத்தார். குட்டி அந்த இரும்பில் வயிற்றை ஒட்டிப் படுத்தது. அன்றோடு கத்தல் நின்றது. எவ்வளவு புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் அன்றைக்கு ஒரே பெருமை.

தண்ணீரில் இறக்கியபோது குட்டி மூழ்கவே இல்லை. ரோமத்துக்குள் காற்று நிறைந்து தக்கை போல மிதந்தது. தலையை அமுக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தால் பின்பக்கம் மேலே வந்து நிற்கும். மீன்காரக்கா படகிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். "நீர்நாய்னு பேரு. நீச்சல் தெரியல. படிப்பாளி வளத்தது அப்படித்தான் இருக்கும்."

"கத்துக்கும் அக்கா."

"எப்ப? நீ பரீட்சை எழுதி பாஸ் பண்றதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

ஆனால் கற்றுக்கொண்டது. படித்துறையின் கடைசிப் படியில் கூழாங்கற்களை இரண்டு கையாலும் புரட்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. மீசையால் சேற்றைத் தடவிப் பார்த்தது. நண்டு ஒன்று விரலைக் கவ்வியபோது அவமானப்பட்டதைப் போலத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அதே நண்டையோ அதன் தம்பியையோ கடித்துத் தின்றது. மூழ்கவும் வந்துவிட்டது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

படித்துறையை விட்டு நகர்ந்தால் அது ஒரே திசையில்தான் போனது. மேலாற்றில் நாணல், மேட்டுப்பாறை, மீன் துள்ளும் வளைவு எல்லாம் இருந்தன. அங்கே ஒரு நீர்நாய்க் கூட்டம் உண்டு என்றும், பாறையில் மீன்செதிள் கலந்த எச்சத்தைப் பார்த்ததாகவும் மீன்காரக்கா சொல்லியிருந்தாள். குட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. நேராகக் கிராதிக்குப் போகும். தண்ணீர் உள்ளே இழுக்கும் இடத்தில், கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடும்.

ஒரு நாள் மீன்காரக்கா அதைக் கூடையில் போட்டு வளைவுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்து படகைக் கட்டும்போது அது கிராதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாரு, எனக்கு முன்னாடி பஸ் புடிச்சு வந்துடுச்சு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அந்தக் கம்பிக்குள்ள என்னதான் இருக்கு இதுக்கு? ஆள் கூப்பிடுற மாதிரியில்ல போகுது."

மகள் அன்று மாலை அந்த வாக்கியத்தை எழுதி, நினைத்தது என்று அடித்துவிட்டாள்.

உண்மை தெரிந்தது ஒரு புதன்கிழமை. கிரீஸ் வைப்பதற்காக அப்பா பழைய பம்பை நிறுத்தினார். நிறுத்துவதற்கு முன்பே புதியதை ஓடவிட்டார். அப்படித்தான் எப்போதும் செய்வார். இரண்டும் சேர்ந்து நின்றதே கிடையாது. மகள் அப்போது படித்துறையில் இருந்தாள். கிராதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த குட்டி நடுவழியில் நின்றது. சுற்றிச் சுற்றி வந்தது. வீடு மாறிப் போனவர்கள் தெருமுனையில் நின்று விழிப்பதுபோல விழித்தது. பிறகு பழைய பம்பு மறுபடி ஓட, அம்பு போலக் கிராதிக்குப் பாய்ந்தது.

மகள் பம்பு அறைக்கு ஓடி, சுவரில் தொங்கிய நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தாள். பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதன் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது பம்புக்காரர்களின் வழக்கம். முனையைத் தண்ணீரில் இறக்கிப் பிடியைக் காதில் வைத்தாள். ஆறு முழுக்கப் பழைய பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

குட்டி கண் திறந்தது அந்தச் சத்தத்தில். பால் குடித்தது அந்தச் சத்தத்தில். அதற்கு அம்மா என்றால் அதுதான். அம்மா எங்கிருந்து கூப்பிடுகிறாளோ அங்கே போகிறது. இரும்பின் மேல் சாக்கு விரித்துப் படுக்கவைத்தவர்கள் இவர்கள்.

ஸ்க்ரூ டிரைவரை மாட்டப் போனபோது அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டார். வழக்கம்போலப் பழைய மோட்டாரில் வைத்துக் கேட்க ஆரம்பித்தார். மகள் கதவருகே நின்று பார்த்தாள். பேரிங்கைக் கேட்க அவ்வளவு நேரம் ஆகாது. வாத்தியார் நொடியில் கேட்டுவிட்டுச் சொல்வார். அப்பா கண்ணை மூடியிருந்தார். கன்னம் பிடியில் சாய்ந்திருந்தது. கிராதியில் சாயும் குட்டியின் முகம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதை நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வெயில் ஏறிவிட்டது, ஊரில் தண்ணீர் போதவில்லை, ஞாயிறு முதல் இரண்டு பம்பையும் சேர்த்து ஓட்ட வேண்டும். கிராதிக்கு வெளியே வலை கட்டிப் பார்த்தாயிற்று. இலை குப்பை அடைத்துக்கொண்டு வலையே பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பம்பின் இழுப்பிலேயே குட்டி கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு ஓடினால் அதனால் விடுவித்துக்கொள்ள முடியாது.

"அப்பா, ஞாயித்துக்கெழமை வரைக்கும் புதுசை மட்டும் ஓட்டலாமா? பழசு கேக்கலைன்னா அது இங்க வராது, மேலாத்துக்குப் போயிடும்."

"பழசை நிறுத்திப்போட்டா ஷாஃப்ட் இறுகிடும்."

"நாலு நாள்ல இறுகாதுப்பா. படிச்சிருக்கேன்."

"உங்க வாத்தியார் எத்தனை பம்பு ஓட்டியிருக்காரு?"

"அப்போ ஒரு மணி நேரமாவது..."

"முடியாது பாப்பா." அவர் குரல் உயரவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பம்பு அறைக்குள் போய்விட்டார். மகளுக்குக் கோபம் வரவில்லை. தான் கேட்டது தப்போ என்ற சந்தேகம்தான் வந்தது. குட்டி விஷயத்தில் தான் சொல்வது சரியென்று என்ன நிச்சயம்? ஒரே ஒரு புதன்கிழமை பார்த்ததுதானே.

வெள்ளிக்கிழமை மாலை, வெயில் சாயும் நேரம். மீன்காரக்கா படித்துறையில் வலையை உதறிக்கொண்டிருந்தாள். மகள் வகுப்புக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது குட்டியின் சீழ்க்கைச் சத்தம் கேட்டுப் பாதியில் அறுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். குட்டியின் ஒரு கையும் தலையும் கிராதிக்கு உள்ளே போயிருந்தன. உடம்பு வெளியே. தண்ணீர் அதைக் கம்பியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு நீர்மட்டத்தில் இருந்தது, ஒரு நேரம் மேலே, ஒரு நேரம் கீழே. மகள் இறங்கி இழுத்தாள். அசையவில்லை.

"அப்பா, நிறுத்துங்க!"

அவர் பம்பு அறை வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தவிப்பை அவள் பார்த்ததில்லை.

"அண்ணே, பொத்தானைத்தான அமுக்கணும், மலையையா தூக்கச் சொல்றாங்க?" என்று மீன்காரக்கா கத்தினாள்.

உள்ளே போனார். சிவப்புப் பொத்தானின் சத்தம் கேட்டது. ரீங்காரம் மெல்லக் கீழிறங்கி, ஒரு பெருமூச்சு விட்டு, நின்றது.

தண்ணீரின் பிடி தளர்ந்தது. குட்டி அவள் கையில் வழுக்கி வந்தது. மூக்கால் நீர் தும்மியது. அவளைக் கடித்தது. உயிரோடுதான் இருந்தது.

பிறகுதான் அந்த அமைதியை மூன்று பேரும் உணர்ந்தார்கள். குழாயில் எங்கோ நீர் சொட்டியது. வீட்டுக்குள் கடிகாரம் ஓடியது. அங்கே ஒரு கடிகாரம் ஓடும் என்பதே மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறு இவ்வளவு அருகில் இருந்ததா என்று இருந்தது.

குட்டியைப் படியில் விட்டுவிட்டு உள்ளே போனாள். அப்பாவின் விரல் பச்சைப் பொத்தான் மேல் இருந்தது.

"தொட்டி நெறைஞ்சிருக்குப்பா. ஒரு மணி நேரம் தாங்கும். இப்ப போட்டீங்கன்னா அது திரும்ப அங்கதான் போகும்."

"அதுல அவ இருக்கா பாப்பா."

அவள் பச்சைப் பொத்தானையும் அவர் விரலையும் பார்த்தாள்.

"முனகிட்டே துணி போடுவாளே. அதே சுருதி. முதல்ல மனப்பிராந்தின்னுதான் நெனச்சேன். ஒரு நாள் காதை வச்சேன். இருந்தா." அவர் கொடியைப் பார்த்தார். "நிறுத்தினா, திரும்பப் போடும்போது வருவாளான்னு தெரியல. அதான்."

தானும் கேட்டிருப்பதாக அவள் சொல்லவில்லை. முதல் மாதத்துக் குறிப்பில் அதை எழுதி அழித்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது.

"குட்டிக்கும் அப்படித்தான்பா. அதோட அம்மாவும் அதுலதான் இருக்கு. ஆனா அது அங்க போய்ச் சாகப் பாக்குது."

அப்பா விரலை எடுத்தார். விளக்கைப் போடாமல் வெளியே வந்து, மகளோடு படியில் உட்கார்ந்தார். மீன்காரக்கா எதுவும் கேட்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

குட்டி கிராதிவரை போயிற்று. கம்பியை முகர்ந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தது. கூப்பிட்டது. நின்று கேட்டது. மறுபடி கூப்பிட்டது. பதில் வராத இடத்தில் ஒரு குழந்தை எப்படிக் கூப்பிடுமோ அப்படி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மகள் தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது தவறாகிவிட்டால் அப்பாவிடமிருந்தும் குட்டியிடமிருந்தும் அம்மாவைப் பிடுங்கியவள் நானே ஆவேன் என்று நினைத்தாள்.

அப்போது அது கேட்டது.

முதலில் காதின் பழக்கம் என்று நினைத்தாள். நின்ற மின்விசிறியின் காற்று கொஞ்ச நேரம் முகத்தில் இருப்பது மாதிரி. ஆனால் அது காதுக்குள் இல்லை. தூரத்தில் இருந்தது. வாயை மூடியபடி முனகும் ஒரு சுருதி, கொஞ்சம் மேலே போய், திரும்பி வந்து விழுந்தது. பம்பு அறையிலிருந்து வரவில்லை. மேலாற்றிலிருந்து, வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

குட்டி கத்துவதை நிறுத்தியது. நீரிலிருந்து மார்பு வரை எழும்பி, மேலாற்றுப் பக்கம் திரும்பியது.

"என்ன, மூணு பேரும் ஒரே பக்கம் பாக்குறீங்க?" என்றாள் மீன்காரக்கா.

அப்போதுதான் மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் எழுந்து நின்றிருந்தார். வாய் சற்றே திறந்திருந்தது.

"உங்களுக்குக் கேக்கலையா அக்கா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே. தண்ணிதான் ஓடுது." கையிலிருந்த வலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "என்னைப் பயமுறுத்தாத படிப்பாளி."

குட்டி கிளம்பியது. கரையை ஒட்டியே போனது. நாணலுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. ஓர் இடத்தில் மூழ்கி மறைந்தது. அது வேறோர் இடத்தில், வாயில் எதுவோ வெள்ளியாய் மினுங்க, எழுந்தது. அதைக் கரையில் வைத்துத் தின்றது. மணலில் புரண்டு உடம்பைத் துடைத்தது. முன்பெல்லாம் இதையெல்லாம் படித்துறைக்கு மூன்றடிக்குள் செய்த பிராணி, இப்போது ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. மேட்டுப்பாறையில் ஏறி முகர்ந்து முகர்ந்து பார்த்தது. வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. இது மீன்காரக்காவுக்கும் கேட்டது.

"அதோ, சொன்னேன்ல. கூட்டம் இருக்குன்னு."

குட்டி பதில் சொல்லிவிட்டுப் பாறையின் அந்தப் பக்கம் இறங்கியது. பிறகு தெரியவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்தும் அப்பா எழுந்திருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றார். இருட்டத் தொடங்கியதும் தானாகவே உள்ளே போய்ப் புதிய பம்பை ஓடவிட்டார். பழக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதில் வைத்துக் கேட்டார்.

"இதுல யாரும் இல்ல" என்றார்.

பிறகு பழையதில் வைத்தார். இரும்பு இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. அதிலும் எதுவும் இல்லை போலும். அவர் முகம் மாறவில்லை. ஸ்க்ரூ டிரைவரை மகளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, மாட்டாமல், படித்துறைக்குக் கொண்டுபோனாள். முனையைத் தண்ணீரில் விட்டுப் பிடியைக் காதில் வைத்தாள்.

புதிய பம்பின் சத்தம் கரகரவென்று வந்தது. அதற்கு அடியில், வெகுதூரத்தில், நிறுத்திவைத்த பழைய பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

கையை எடுக்காமல் எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மீன்காரக்கா படகை அவிழ்க்காமல் காத்திருந்துவிட்டு, "வகுப்புக்குப் போகலையா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தாள். "அப்போ விளக்கைப் போட்டுட்டு உக்காரு. இருட்டுல தண்ணிகிட்ட பேசிட்டு இருக்காத." போகும்போது படகை நடு ஆற்றில் விடாமல் கரையோடு ஒட்டியே ஓட்டிக்கொண்டு போனாள். வளைவுப் பக்கம் போகவில்லை.

மார்ச் 20, வெள்ளி.

வகுப்புக்குப் போகவில்லை. பார்த்தது: குட்டி மேட்டுப்பாறை தாண்டிப் போனது. இரவு சாப்பாடு வரை திரும்பவில்லை. புதிய பம்பு ஓடியும் கிராதிக்கு வரவில்லை. கேட்டது: தெரியவில்லை. அப்பாவும் கேட்டதாகச் சொல்கிறார். குட்டி திரும்பியது சத்தத்துக்கா, கூட்டத்துக்கா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்த வரியை அழிக்கவில்லை.

நாளை: காலையில் கிராதியில் ஒட்டிய இலைகளை வார வேண்டும். பழைய பம்பின் மேடையில் இருக்கும் சாக்கை எடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அப்பாவும் நானும் மறுபடி பம்பை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார வேண்டும்.